மகாராஜா எதற்கு அடிவாங்கினார்?

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை மகுடசேகரன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பதே சரி. முடிசூடியவனின் பாதம் அரண்மனைக்கு வெளியே தரையில் படக்கூடாது என்பது அவன் குல வழக்கம். எங்கே போனாலும் பல்லக்கு. உடம்பே அசையாத மனுஷனுக்கு மனசு எப்படி லேசாக இருக்கும்? கஞ்சியில் உப்புக் குறைந்ததற்குச் சமையல்காரனைச் சிறையில் போட்டுவிட்டான்.

தேகப்பயிற்சி செய்தால் மனக்கவலை போகும் என்றார் சேனாதிபதி வல்லபராயர். சொன்னது சரிதான். ஆனால் தமக்குப் பிடித்த கர்லாக்கட்டையை ராஜா கையில் திணித்து, விடிந்ததும் சபாமண்டபத்தில் சுற்றவைத்து, தோள் சரியில்லை, முட்டி சரியில்லை என்று அதட்டினார். ராஜாவுக்கு எரிச்சலோடு தோள்வலியும் சேர்ந்துகொண்டது. அரண்மனையில் அத்தனை பேர் தின்று கொழுத்தார்களே, அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க ஒருத்தருக்காவது தோன்றியதா? இல்லை.

மருந்து நல்லதுதான், மந்திரி நல்லபெருமாளின் முகத்தில் விழிப்பதால்தான் பலிக்கவில்லை என்று சேனாதிபதி பழியைத் திருப்பிவிட்டார். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். ராஜாவும் நம்பித் தொலைத்தான். அமாவாசைக்குள் தன் மனசை லேசாக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று மந்திரிக்கு உத்தரவு போட்டான்.

மந்திரிக்கு அலுத்துவிட்டது. "போகிறேன் பிரபு. அதற்குமுன் ஒன்று சொல்லுங்கள். சின்ன வயசில் எதற்காக அதிகம் அடிவாங்கினீர்கள்?"

சபை திடுக்கிட்டது. ராஜா யோசித்தான்.

"பாடத்தை விட்டுவிட்டு அல்லிக்குளத்தில் நீந்தப் போனதற்கு," என்றான். சொல்லும்போதே முகம் கொஞ்சம் தெளிந்தது. "இப்போது எப்படிப் போவது? பாதம் தரையில் படக்கூடாதே."

"தண்ணீர் தரையில்லையே, பிரபு."

மறுநாள் பல்லக்குத் தூக்கிகள் குளத்தில் இடுப்பளவு இறங்கி நின்றார்கள். ராஜா திரையை விலக்கித் தொப்பென்று குதித்தான். முங்கினான், நீந்தினான், மல்லாந்து மிதந்தான். மூச்சு வாங்கப் பல்லக்கில் ஏறியவன் வாய்விட்டுச் சிரித்தான். பசிக்கிறது என்றான். சமையல்காரனை விடுவிக்க அங்கேயே ஆணையிட்டான்.

கரையில் நின்ற சேனாதிபதி, தவளைபோல் குதிப்பது ராஜாவுக்கு மரியாதையில்லை என்று முணுமுணுத்தார்.

"வல்லபராயரே, சின்ன வயசில் நீர் எதற்கு அடிவாங்கினீர்?" என்று கேட்டான் ராஜா.

சேனாதிபதி நெஞ்சை நிமிர்த்தினார். "நான் அடியே வாங்கியதில்லை, மகாராஜா."

"அதுதான் பார்த்தேன்," என்றான் ராஜா. கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். ஈரத்துண்டைச் சேனாதிபதி கையில் கொடுத்து, தினமும் அதைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கச் சொல்லிவிட்டு, மறுபடி குதித்தான்.