தளபதியின் தும்மல்

"சாமி, அவ திரும்பி வரமாட்டேங்கிறா."

வந்ததும் வராததுமாக வடிவாம்பாள் சொன்னது இதுதான்.

"யாரு?" என்றார் குரு.

"வெண்ணிலா. என் கதாநாயகி."

வடிவாம்பாள் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவள். வயது நாற்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. மின்வாரியப் பொறியாளர் வெண்ணிலா கோயில் குளத்தில் வழுக்கி விழுந்து, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் போய்க் கரையேறி, குதிரைப்படைத் தளபதி ஒருவனைக் காதலிக்கும் கதை. இருபது வாரத்தில் முடிய வேண்டியது, எழுபத்தெட்டாவது வாரத்திலும் நொண்டிக்கொண்டிருந்தது. நாளைக்குள் கடைசி அத்தியாயம் வராவிட்டால் வேறு யாரையாவது வைத்து முடித்துவிடுவோம் என்று பத்திரிகையில் சொல்லிவிட்டார்கள்.

மலையடிவாரத்தில் குடில் போட்டிருந்த அந்தக் குருவுக்கு அவளைவிட ஆறு வயது குறைவு. ஞானம் குறைவில்லை என்று ஊரில் பேச்சு.

"தெரியும்மா. வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தா நான் தியானத்தையே தள்ளி வெச்சுடறேன். தபால்காரம்மா படிச்சு முடிச்சுட்டுத்தான் எனக்கே குடுக்கறாங்க. முதல்ல சாப்பிடுங்க."

இலையில் தினைச் சோறு, மிளகுக் குழம்பு. ஓரமாக ஒரு கிண்ணத்தில் மோர்மிளகாய். அவள் கை கிண்ணத்துக்குப் போனதும் குரு அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தளபதி வீட்ல இது கிடையாது. மிளகாய் நம்ம நாட்டுக்கு வந்தே ஐந்நூறு வருஷந்தான் ஆகுது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்களும் திருமேனி மாதிரியே பேசறீங்க சாமி."

"திருமேனி யாரு?"

"பத்திரிகையில பிழை திருத்தறவர். தளபதியோட அம்மா மிளகாய் கிள்ளித் தாளிச்சாங்க, அடிச்சுட்டார். தக்காளி ரசம் வெச்சேன், அதையும் அடிச்சுட்டார். தளபதி மணியைப் பார்த்தான்னு எழுதினா, 'எதில்?'னு ஓரத்துல கேள்வி."

"நல்லவராத்தான் தெரியுது."

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களான்னு கேட்டார். தொடர் முடிஞ்சதும் சொல்றேன்னேன்."

"எப்போ கேட்டார்?"

"பத்தொன்பதாவது வாரம்."

குரு மோரை எடுத்து நிதானமாகக் குடித்தார். சிரிப்பை அடக்கத்தான் அவ்வளவு நிதானம்.

"ஆளைப் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன. ஆனா தளபதி மாதிரி இல்லையே! தூசி பட்டாப் போதும், வரிசையா பதினொரு தும்மல். தளபதி பாருங்க, வெண்ணிலா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே புரிஞ்சுக்குவான். அந்தக் காலத்துலதான் சாமி காதல் காதலா இருந்துச்சு."

"அதானே! மழையில அவ செருப்பு அறுந்தப்ப, தன் செருப்பைக் கழட்டிக் குடுத்துட்டு வெறுங்காலோட நடந்தானே. படிச்சுட்டு நான் அழுதுட்டேன். எப்படிம்மா தோணிச்சு?"

"அதுவா... பஸ் ஸ்டாண்டுல என் செருப்பு அறுந்துபோச்சு. திருமேனிதான்..."

"அவளுக்குத் தொண்டை கட்டினப்ப, ஒண்ணும் பேசாம அதிமதுரத்தை வெச்சுட்டுப் போனானே?"

சோறு பிசைந்த அவள் கை அப்படியே நின்றது.

"அவ திட்டினா எதிர்த்துப் பேசாம, காதைத் தடவிக்கிட்டே சிரிப்பானே, அது?"

வடிவாம்பாளுக்கு முகம் சிவந்துபோனது. இத்தனை நாள் மக்காக இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. அதைப்போல இரண்டு மடங்கு சந்தோஷமாகவும் இருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்க," என்றார் குரு. "தும்மலை மட்டும் ஏம்மா விட்டுட்டீங்க?"

மோர்மிளகாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

அன்று சாயங்காலமே கடைசி அத்தியாயத்தை எழுதி அனுப்பினாள். வெண்ணிலா தளபதியின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் குதிக்கிறாள். இரண்டு பேரும் இந்தக் காலத்தில் கரையேறி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறார்கள். அங்கே வைத்து, கல்யாணத்துக்குச் சம்மதம் என்கிறாள். தளபதி பதில் சொல்ல வாயைத் திறக்கிறான். ஒரு பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. வரிசையாகப் பதினொரு தும்மல்.

திருத்திய பக்கங்கள் எப்போதும் தபாலில்தான் வரும்.

இந்த முறை திருமேனியே வந்து அவள் வீட்டு வாசலில் நின்றார், காதைத் தடவிக்கொண்டு.

அவள் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். ஒரே ஒரு திருத்தம். 'பதினொரு' என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்:

'பன்னிரண்டு.'