எந்தத் துறையில் இறங்குவது

சுடலைமுத்துவைவிட இசக்கியம்மாள் மூன்று வயது சின்னவள். ஆனாலும் அவன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். அவள் அவனை அண்ணே என்பாள்.

தையல் மெஷின்களைப் பற்றி அவள் இணையத்தில் எழுதிவந்தாள். எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று எழுதுவாள். படித்தவர்கள் அங்கிருக்கும் இணைப்பைத் தொட்டு வாங்கினால், விற்றவர்கள் அவளுக்குக் கமிஷன் கொடுப்பார்கள். அதில்தான் அவள் வீடு நடந்தது. அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்ற அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் சுடலைமுத்து அவளிடம் வந்துகொண்டிருந்தான்.

அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். சென்னையில் ஒரு வேலையும் கிடைத்திருந்தது. ஆனால் பக்கவாதம் வந்த அப்பாவை அம்மாவால் தனியாகத் தூக்க முடியாது. வீட்டிலிருந்தே சம்பாதிக்க வழி பிறந்தால் அவன் ஊரைவிட்டுப் போக வேண்டாம். பிறக்காவிட்டால் ஆடி முடிந்ததும் ரயில் ஏற வேண்டும்.

"எந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கிறது டீச்சர்?" என்று கேட்டான்.

செல்போன்களைப் பற்றி எழுதிப் பார்த்ததையும், ஒருவரும் எட்டிப் பார்க்காததையும் சொன்னான். இப்போது உடற்பயிற்சிக் கருவிகளுக்கு மாறியிருந்தான். அதில் கமிஷன் அதிகம், தேடுகிறவர்களும் அதிகம் என்றான்.

"டிரெட்மில் பத்தி எழுதியிருந்தீங்களே, படிச்சேன். அதுல ஓடியிருக்கீங்களா?"

"இல்ல. வீடியோ பார்த்து எழுதினேன்."

"பார்த்ததுக்கே வேர்த்துச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கேட்டவளுக்கே பாவமாகப் போயிற்று. மறுநாள் காலையில் ஆற்றுக்கு வரச் சொன்னாள்.

தாமிரபரணியில் அங்கே இரண்டு துறைகள். கோயிலை ஒட்டிய பெரிய துறையில் கூட்டம் நெரிந்தது. கொஞ்சம் தள்ளி, மருதமரத்தடியில் இருந்த சின்னத் துறையில் யாரும் இல்லை.

"எந்தத் துறையில இறங்கலாம்?" என்று இசக்கியம்மாள் கேட்டாள்.

"பெரிய துறைதான். கூட்டம் அங்கதானே இருக்கு."

அவள் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தாள்.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓர் அம்மா தன் கணவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். அவருடைய வலது கால் இழுத்துக்கொண்டு வந்தது.

"ஏ தம்பி, இவங்களைக் குளிப்பாட்டணும். எங்கன இறக்கலாம்?"

சுடலைமுத்து ஓடினான். பெரிய துறை வேண்டாம், பாசி பிடித்திருக்கிறது, பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை என்றான். வாராவாரம் அப்பாவை அவன் கூட்டிவரும் இடம் மருதமரத்துத் துறைதான். தண்ணீருக்குள் அங்கே ஒரு தட்டைக்கல் உண்டு. அதில் உட்காரவைக்கலாம் என்று சொல்லி அழைத்துப்போனான். அந்த அம்மாவை ஒரு படி கீழே நிற்கவைத்தான்.

"இறங்கும்போது முடியாத காலை முதல்ல வைங்க அண்ணாச்சி."

அவரை உட்காரவைத்த பிறகு, அவருடைய கைத்தடியைப் புரட்டிப் பார்த்தான். அடி ரப்பர் தேய்ந்துவிட்டது, உடனே மாற்றுங்கள் என்றான். வீட்டில் குளிக்க நாற்காலி வாங்கலாமா என்று அந்த அம்மா கேட்டார். சக்கரம் வைத்ததை வாங்காதீர்கள், குளியலறை வாசலில் நுழையாது, நாங்கள் வாங்கி ஏமாந்தோம் என்றான். அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒற்றைக் கையால் போட முடியாத சட்டைப் பொத்தான்வரை பேச்சு போயிற்று.

முழங்கால்வரை நனைந்து திரும்பி வந்தான். காக்கவைத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டான். எந்தத் துறை என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே என்றான்.

இசக்கியம்மாள் அவனுடைய நனைந்த கால்களைப் பார்த்தாள்.

அவனும் பார்த்தான். பிறகு மருதமரத்துத் துறையைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தத் துறைக்கு நிறைய பேர் வர மாட்டாங்களே."

"வர்றவங்களுக்கு வேற துறை இல்லையே அண்ணே."

அவன் குரல் தழைந்தது.

"எங்கப்பாவுக்குக் கைகால் விழுந்ததை வெச்சுக் காசு பண்றதா டீச்சர்?"

அவள் நகர்ந்து கல்லில் இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான்.

"அந்த அம்மா கேட்டப்போ நீங்க அப்பாவையா காட்டுனீங்க? இறங்குற இடத்தைத்தானே காட்டுனீங்க."

"அவங்ககிட்ட நான் கமிஷன் வாங்கலையே."

"சக்கரம் வெச்சதை வாங்காதீங்கன்னு சொன்னீங்கள்ல? அதையும் எழுதுங்க."



துறையிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று கேட்டார்.

சுடலைமுத்து டீச்சரின் முகத்தைப் பார்த்தான்.

"கேக்குறாங்க அண்ணே. போய்ச் சொல்லுங்க."