வீட்டில் யாருமில்லை

சுடலைமணி இருபத்திரண்டு வருடங்களாக மனிதர்களை அசையாமல் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடியில் பாஸ்போர்ட் படத்துக்குப் பேர்போன ஸ்டூடியோ அவருடையது. நாடியைத் தூக்குங்க, தோளை இறக்குங்க, இங்கே பாருங்க என்று நாளுக்கு நூறு தடவை சொல்லுவார். பெரியவர்கள் சொன்னபடி கேட்டார்கள். குழந்தைகள் மட்டும் வசப்படவில்லை. முக்காலியில் தூக்கி வைத்தால் அழும். அழாத குழந்தை திருதிருவென்று முழிக்கும்.

ஐம்பத்தோராம் வயதில் ஒரு நாள், வேறொருவர் எடுத்த படம் ஒன்றைப் பார்த்தார். ஒரு அப்பா தரையில் மல்லாந்து தூங்குகிறார். அவர் வயிற்றின் மேல் உட்கார்ந்து ஒரு குழந்தை முறுக்கு தின்கிறது. பக்கத்தில் அம்மா கீரை ஆய்கிறாள். எதிரே ஒரு கேமரா இருப்பது அந்த மூன்று பேருக்கும் தெரியவே இல்லை.

சுடலைமணி அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை.

படத்தை எடுத்தவர் பெயர் ஜெசிந்தா. வீடு வீடாகப் போய், குடும்பங்களை அவர்கள் இருக்கிறபடியே படமெடுப்பவர். வயது முப்பத்துநான்கு. சுடலைமணி கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவர் வாசலில் போய் நின்றார்.

"எனக்குச் சொல்லிக் குடுங்க டீச்சர்."

"அண்ணாச்சி, நீங்க என்னைவிட சீனியர்."

"வருசத்துல சீனியர். இந்த வேலை எனக்கு வராது."

ஜெசிந்தா சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து கூட வரச் சொன்னார்.

ஆறு மாதம் சுடலைமணி அவர் பின்னால் நடந்தார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஜெசிந்தா முதல் அரைமணிநேரம் கேமராவைத் தொடமாட்டார். பூண்டு உரித்துக் கொடுப்பார். குழந்தையோடு பொம்மைக்குச் சண்டை போடுவார். நடுவில் எப்போது எடுத்தார் என்று தெரியாமல் படங்கள் வந்திருக்கும். ஆனால் சுடலைமணிக்கு அதில் ஒரு மனக்குறை இருந்தது. அருமையான நேரம் கூடி வரும்போது ஜெசிந்தா குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார். அது திரும்பிச் சிரிக்கும். எல்லாம் கலைந்துவிடும்.

"ஏன் டீச்சர் கூப்பிடுதீங்க? கலைஞ்சு போவுதுல்லா?"

"நான் இருக்கேன்னு அதுக்குத் தெரியணும்."

"தெரியாம இருந்தாத்தானே நல்ல படம்? நாம இருக்கதையே முழுசா மறக்கடிக்க ஒரு வழி இல்லையா?"

ஜெசிந்தா லென்ஸ் துடைக்கும் துணியை நான்காக மடித்தார்.

"இருக்கு. ரொம்ப லேசு. ஆனா வேண்டாம்."

"சொல்லுங்க."

"வேண்டாம் அண்ணாச்சி."

சுடலைமணி விடவில்லை. ஒரு வாரம் கழித்துக் கேட்டார். மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை ஜெசிந்தா சொன்னார்.

"ஒரே வீட்டுக்கு மூணு நாள் போங்க. நீங்களா பேசாதீங்க. அவங்க கேட்டா ஒத்த வார்த்தை. யார் கண்ணையும் பாக்காதீங்க. குடுக்கதைக் குடிக்காதீங்க. எந்தச் சாமானையும் தொடாதீங்க. சிரிப்பு வந்தா அடக்கிக்கிடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். முடிஞ்சதும் நேரா எங்கிட்ட வாங்க. வேற எங்கயும் போகாண்டாம்."

உப்பளத்துக்குப் போகிற சாலையில் அந்த வீடு இருந்தது. ஆனந்தவேலுக்குத் துறைமுகத்தில் வேலை. அந்த வாரம் விடுப்பில் இருந்தார். மனைவி கோமதி. இரண்டரை வயதில் ஒரு மகள், செவ்வந்தி. ஜெசிந்தா முன்பே பேசி வைத்திருந்ததால் வாசலுக்கே வந்து வரவேற்றார்கள்.

முதல் நாள் கோமதி பட்டுச்சேலையில் இருந்தாள். ஆனந்தவேல் சட்டைக் கையை இறக்கி விட்டு, ஏற்றி விட்டு, மறுபடி இறக்கி விட்டார். சுடலைமணி கூடத்து மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கோமதி வைத்த காப்பி ஆடை கட்டி ஆறிப்போனது. "பிடிக்கலையாண்ணே?" என்றாள். "பிடிக்கும்" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

இரண்டாம் நாள் காலையில் கோமதி மூன்று டம்ளர் காப்பி எடுத்து வந்தாள். கூடத்தின் நடுவில் நின்று, கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். எதற்கு மூன்று என்று அவளுக்கே விளங்காத மாதிரி இருந்தது. ஒன்றைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். அதன்பிறகு அந்த வீடு அவர் முன்னால் தன்பாட்டுக்கு நடந்தது. ஆனந்தவேல் பனியனோடு உட்கார்ந்து மகளுக்கு நகம் வெட்டினார். அவள் காலை இழுத்துக்கொண்டாள், அவர் தன் விரலை வெட்டிக்கொண்டதுபோல் கத்தினார், இரண்டு பேரும் சிரித்தார்கள். சுடலைமணி வாழ்நாளில் எடுக்காத படங்களை அன்று எடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் நடத்துனர் அவருக்கு முன்னால் இருந்தவரிடம் டிக்கெட் கொடுத்தார். பின்னால் இருந்தவரிடம் கொடுத்தார். சுடலைமணி நீட்டிய கை அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் அவர் போனபோது கதவு திறந்துதான் கிடந்தது. யாரும் வா என்று சொல்லவில்லை. மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கொடியிலிருந்து எடுத்த துணியைக் கோமதி கொண்டுவந்து அந்த நாற்காலியில் போட்டாள். அவர் மடியில் போட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். அவள் விரல் அவர் முழங்கையில் பட்டது. நாற்காலிக் கையில் பட்டதுபோல் நகர்ந்தது.

போன் அடித்தது. எடுத்து, "சொல்லுக்கா" என்றாள். "இல்லக்கா, பேசலாம். வீட்ல யாருமில்ல. அவரு கடைக்குப் போயிருக்காரு. நானும் பாப்பாவும்தான்."

இரண்டு எட்டு தள்ளி உட்கார்ந்திருந்த சுடலைமணிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தொண்டையைச் செருமினார். அவள் திரும்பவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் ஜன்னல் வெளிச்சம் அவள் கழுத்தில் விழுந்த விதம் அவ்வளவு அழகாக இருந்தது. கேமராவைத் தூக்கினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. பின்பக்கத்தில் தரையோடு புதைத்த தொட்டி இருந்தது, இரண்டு ஆள் ஆழம். கோமதி மூடியை நகர்த்திவிட்டு, பைப்பின் சிக்கலை எடுக்க நாலு எட்டு தள்ளிப் போனாள். திரும்பி வந்துவிட்டிருந்த ஆனந்தவேல் உள்ளே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுடலைமணி தொட்டிக்கு அந்தப் பக்கம், அடுப்படிப் படிக்கு எதிரே, பின்சுவரில் சாய்ந்து நின்றார்.

அடுப்படிப் படியில் செவ்வந்தி வந்து நின்றாள். குளித்த தலை இன்னும் ஈரம். பின்னாலிருந்து வந்த வெயில் ஒவ்வொரு முடியிலும் ஏறியிருந்தது. அவள் இறங்கி நடந்தாள்.

சுடலைமணி அழுத்தினார். அவள் நடந்தாள். அழுத்தினார். தண்ணீரின் மினுமினுப்பு அவள் நாடிக்குக் கீழே ஆடியது. இதுதான், இதற்காகத்தான் என்று நினைத்து மறுபடி அழுத்தினார்.

அப்போதுதான், மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு உறைத்தது.

"கோமதி! புள்ள!"

தெருவுக்கே கேட்டிருக்கும். கோமதி பைப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

சுடலைமணி பாய்ந்தார். கேமரா கழுத்துவாரில் ஆடி நெஞ்சில் இடித்தது. தொட்டி விளிம்பில் ஒரு கால் வைத்திருந்தவளைக் கவுனோடு அள்ளித் தூக்கினார். குழந்தை வீரிட்டது.

அந்தச் சத்தத்துக்குக் கோமதி திரும்பினாள்.

"யாரு? யாரு நீங்க? புள்ளைய விடுங்க!"

ஆனந்தவேல் ஓடி வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"நான்தான். போட்டோ எடுக்க வந்தவன். சுடலைமணி."

"அவரு நேத்தே போயிட்டாரே" என்றாள் கோமதி. "சொல்லிட்டுத்தானே போனாரு."

அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஆனால் அவள் முகத்தில் பொய் இல்லை.

பிறகுதான் இருவரும் திறந்து கிடந்த தொட்டியைப் பார்த்தார்கள். கோமதி குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனந்தவேலின் பிடி தளர்ந்தது. அவர் கை தளர்ந்ததும் கண்ணும் சுடலைமணியை விட்டு நழுவிப் போனது. சுடலைமணி சுவரோரமாக நடந்து வெளியே வந்தார். கேட்டைச் சாத்தும்போது பின்னால் பேச்சுக் கேட்டது.

"புள்ளையத் தூக்குனது யாரு?"

"நான்தான் தூக்குனேன்" என்றாள் கோமதி. "வேற யாரு இருக்கா?"

அவர் பஸ் ஏறவில்லை. ஆறு கிலோமீட்டரும் நடந்தே வந்தார். ஜெசிந்தாவின் வாசலில் நின்றபோது கதவைத் தட்டக் கை எழவில்லை. இவரும் திறந்து பார்த்துவிட்டு, யாரையும் காணோமே என்று சாத்திவிட்டால்?

கதவு தானாகத் திறந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்றார் ஜெசிந்தா. "சுடலைமணி அண்ணாச்சி, உள்ள வந்து உக்காருங்க."

பேரைக் கேட்டதும் அவருக்கு அழுகை வந்தது. ஜெசிந்தா காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னார். மடியில் துணி மடித்ததைச் சொன்னார். போனில் பேசியதைச் சொன்னார்.

"ஓடிப்போய்ப் பிடிச்சேன் டீச்சர். பிடிச்சும் என்னை யாருன்னு தெரியல. அந்த வீட்ல நான் யார் கண்ணுக்கும் படல."

ஜெசிந்தா அவர் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

"பிடிக்கதுக்கு முன்னாடி எத்தனை படம் எடுத்தீங்க?"

சுடலைமணி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு."

ஜெசிந்தா கையை நீட்டினார். அவர் கேமராவைக் கழற்றிக் கொடுத்தார். ஜெசிந்தா மூன்று படங்களையும் அவசரமில்லாமல் பார்த்தார். பிறகு கடைசிப் படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ஈரத் தலை. பின்னால் வெயில். தண்ணீரின் மினுமினுப்பு. எடுக்கும்போது அவர் கண்ணில் பட்டவை இவ்வளவுதான். இப்போது கைகளும் தெரிந்தன. தூக்கச் சொல்லிக் கேட்கும் குழந்தை நீட்டுவதுபோல் செவ்வந்தி இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யார் கண்ணுக்கும் படலன்னு சொன்னீங்கல்லா அண்ணாச்சி" என்றார் ஜெசிந்தா. "இது யாரைப் பாத்து வருது?"