ஓணானுக்கு மூன்று கொத்து

பறக்கும் ஓணானை இருவாச்சிப் பறவை கடைசியாக உயிரோடு பார்த்தது பள்ளத்து ஓரத்து மருத மரத்தில். உச்சிக் கிளையில் நின்று, அது தன் விலாத் தோலை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தது. காற்று அசையவே இல்லை.

அந்தக் காட்டில் சிறகில்லாமல் மிதக்கிறவை மூன்று: பறக்கும் அணில், பறக்கும் தவளை, பறக்கும் ஓணான். மழைக்கு முன்னால் மருத மரத்திலிருந்து ஒரு பந்தயம் நடக்கும். ஜெயித்தால் மழை முடியும்வரை அத்திமரம் சொந்தம். அதில் அணிலுக்குப் பழம், தவளைக்கு ஈரப் பொந்து, ஓணானுக்கு எறும்பு. எப்போதும் அணில்தான் ஜெயிக்கும். அந்த வருஷம் கோடை கடுமை. ஓணான் இருந்த மரத்தில் எறும்பே இல்லை. அத்திமரத்தில் இடம் கிடைக்காவிட்டால் அது பிழைப்பது கஷ்டம்.

சின்னவர்களைப் பெரியவரோடு மோதவிடுவது நியாயமில்லை என்று தவளை முறையிட்டது. நடுவரான இருவாச்சி இரண்டு வகுப்பாகப் பிரிக்கிறேன் என்றது. வகுப்புக்கு அத்திமரத்தில் ஒரு கிளை பரிசு.

எதை வைத்துப் பிரிப்பது? தோலை அளக்கலாம் என்றால், அணிலுக்கு அது கைக்கும் காலுக்கும் நடுவில் இருந்தது, ஓணானுக்கு விலாவில், தவளைக்கு விரலிடுக்கில். திறமையைப் பார்க்கலாம் என்றால், அணில் தூரம் போனது, தவளை நினைத்த பக்கம் திரும்பியது, ஓணான் சத்தமில்லாமல் இறங்கியது. யார் பெரியவர்? இருவாச்சிக்குத் தலை சுற்றியது.

கடைசியில் எல்லோரையும் ஒருமுறை குதிக்கச் சொன்னது. இறங்குகிற மரத்தில் அலகால் கொத்தி அடையாளம் வைத்தது. பக்கத்து மரத்துக்கு ஒரு கொத்து, நடு மரத்துக்கு இரண்டு, பள்ளத்துக்கு அப்பால் இருந்த வேங்கை மரத்துக்கு மூன்று.

தவளை பக்கத்து மரத்தில் இறங்கியது. சுலபமான வகுப்பு கிடைக்கட்டும் என்று அணிலும் வேண்டுமென்றே அங்கேயே இறங்கியது. ஓணான் குதித்தபோது மேல்காற்று அடித்தது. அது வேங்கையில் போய் ஒட்டிக்கொண்டது.

ஆக, அணிலும் தவளையும் ஒரு வகுப்பு. ஓணான் தனி வகுப்பு. போட்டிக்கு ஆள் இல்லாவிட்டாலும், வேங்கையைத் தொட்டால்தான் அதற்குக் கிளை.

பந்தயத்தன்று அணில் தவளையைச் சுலபமாக ஜெயித்தது. “கஷ்டப்பட்டியா அண்ணே?” என்று தவளை கேட்டது.

அடுத்தது ஓணான். இருவாச்சி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

“அண்ணே, அன்னிக்கு என்னைக் கொண்டுபோனது காத்து” என்றது ஓணான்.

“அன்னிக்கே சொல்றதுக்கென்ன?”

“எல்லாரும் மூணு கொத்து, மூணு கொத்துன்னு கூப்பிட்டாங்க. கேக்க நல்லாயிருந்தது.”

இருவாச்சி எதிரே இருந்த வேங்கையைப் பார்த்தது. கொத்தினதை எப்படி அழிப்பது? ஓணானை இப்போது தவளையோடு சேர்த்தால், முடிந்த பந்தயத்தை என்ன செய்வது? அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன், கொஞ்சம் இரு என்றது.

“யோசிங்க அண்ணே. எனக்குப் பசிக்குது” என்று சொல்லிவிட்டு ஓணான் குதித்தது.

பாதி தூரம்வரை நன்றாகத்தான் போனது. பிறகு கீழே கீழே போய்ப் பள்ளத்து ஆற்றில் விழுந்தது. மூவரும் இருட்டும்வரை தேடினார்கள். கிடைக்கவில்லை.

“உன் இடத்துல அவன் என்கூட குதிச்சிருக்கணும். என்னை ஜெயிச்சு, அந்தக் கிளையில இப்ப சாப்பிட்டுக்கிட்டிருப்பான்” என்று தவளை அணிலிடம் சொன்னது. இருவாச்சி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

ஒருவரை எந்த வரிசையில் நிறுத்துவது என்று தீர்மானிக்கிறவர், அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று மட்டும் பார்க்காமல், எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்றும் கேட்க வேண்டும்.

வேங்கையில் அந்த மூன்று கொத்தும் அப்படியே இருக்கின்றன.