ஒரு சாண் ஜன்னல்

நம்பினால் நம்புங்கள். பூவரசந்தீவில் நாற்பது வருஷமாகத் தனியார் கடை என்று ஒன்றுகூடக் கிடையாது. அரிசியோ சோப்போ சிலேட்டோ, எது வேண்டுமென்றாலும் அரசாங்கக் கடையின் ஒரு சாண் ஜன்னல் வழியாகத்தான். குனிந்து குனிந்து வாங்கியே ஜனங்களுக்கு முதுகு வளைந்துபோயிற்று. தையல்காரர்கள் சட்டையின் பின்பக்கத்தை நாலு விரல் கூட்டியே வெட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் சட்டம் மாறியது. இனி யார் வேண்டுமானாலும் கடை போடலாம்.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர் இருளப்பர். மனைவி செவ்வந்தியின் தையல் மெஷினை விற்று, அவள் சுடும் அதிரசத்துக்கு ஒரு கடை போட்டார். மூன்று மாதம் ஈ ஓட்டினார்.

கடைசியில் தன் குரு தவமணியிடம் போய் நின்றார். சீடருக்கு வயது அறுபது, குருவுக்கு முப்பத்தெட்டு.

“தாயே, சரக்குல குறையில்ல. விலையும் கம்மி. எதிர்ல கூடையோட உக்காந்திருக்காளே பேச்சி, அவ அதிரசத்தைச் செருப்பா கால்ல மாட்டிக்கிட்டு நடக்கலாம். ஆனா கூட்டமெல்லாம் அவளைச் சுத்தித்தான். அது ஏன்?”

இருளப்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இந்த வாரத்தோட கடையை மூடிரலாம்னு இருக்கேன். மெஷினைப் பத்திச் செவ்வந்தி ஒரு வார்த்தை கேக்கமாட்டா. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

மறுநாள் காலை தவமணி கடைக்குப் போனார். முகப்பு முழுக்கச் சுவர். நடுவில் ஒரு சாண் ஜன்னல். பழைய கடையில் அடித்திருந்த அதே பச்சைப் பெயிண்ட்.

குனிந்து காசை நீட்டினார். உள்ளிருந்து ஒரு கை வந்து காசை வாங்கிக்கொண்டு அதிரசத்தைக் கொடுத்தது.

ஒரு கடி கடித்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அடடா! யார் சுட்டது?”

“வாங்கியாச்சுல்ல? நகரு, நகரு!”

சொன்ன பிறகுதான் கேட்டது யார் குரல் என்று இருளப்பருக்கு உறைத்தது.

“ஐயையோ, தாயே! பழக்கதோஷம்...”

“இருக்கட்டும். கொஞ்சம் வெளியே வாங்க, அண்ணாச்சி. நான் நின்ன இடத்துல நின்னு ஒரு அதிரசம் கேளுங்க.”

வந்தார். இத்தனை வருஷத்தில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பது இதுதான் முதல்முறை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு மறுகண்ணையும் வைத்துப் பார்த்தார்.

“யார்கிட்ட கேக்கிறது, தாயே? உள்ளே ஒரே இருட்டு. ஆளையே காணோம்.”

தவமணி அவர் முதுகைத் தாங்கி மெல்ல நிமிர்த்தினார்.

“நீங்க உள்ளே இருக்கும்போதும் இப்படித்தான் தெரியுது, அண்ணாச்சி.”