முட்டுக்கட்டை

அம்பலவாண சாமி என்றதும் நரைத்த தாடியும் மூடிய கண்ணும் உங்கள் நினைவுக்கு வந்தால் அது சாமியின் குற்றமில்லை. அவருக்கு வயது முப்பத்தாறு. சிஷ்யை காராயிக்கு ஐம்பத்தொன்பது. இதைச் சொல்லி மடத்தில் யாரும் சிரிப்பதில்லை. முதலில் சிரித்தவர்களுக்குக் காராயியிடம் நன்றாகக் கிடைத்தது.

காராயியின் ஊர் மலைமேல் மூங்கில்குழி. நாற்பது வீடு. ஊருக்கும் தார்ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. ஒன்பது வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் அவர் மருமகளுக்கு இடுப்புவலி கண்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடையில் வெள்ளம். அக்கரையில் ஆம்புலன்ஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. இக்கரையில் குழந்தை பிறந்தது. அழவேயில்லை.

அந்த மாதமே காராயி மலை இறங்கி மடத்துக்கு வந்தார்.

"எனக்கு எழுதக் கத்துக்குடுங்க சாமி. பாலம் வேணும்னு நானே மனு எழுதணும். எழுதிக்குடுக்கறவங்க அந்தப் புள்ளையப் பத்தி எழுத மாட்டேங்கறாங்க."

ஒன்பது வருஷத்தில் எழுத்து வந்துவிட்டது. பாலம் வரவில்லை.

இந்த வருஷம் தேரோட்டத்துக்கு முந்தின நாள் காராயி மடத்துக்கு வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். சாமி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். காராயி அதைத் தொடவில்லை.

"திங்கக்கிழமை மறுபடி கலெக்டர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நான் போகல சாமி."

"ஏன்?"

"எது கேட்டாலும் ஒரு முட்டுக்கட்டை. கோயில் பக்கம் பாலம் கேட்டேன். தன் நிலம் போயிரும்னு மாரப்பன் முட்டுக்கட்டை போட்டான். மேல பாறைப் பக்கம் மாத்திக் கேட்டேன். அது காடுன்னு காட்டிலாகா முட்டுக்கட்டை. அகலத்தைக் குறைச்சுக் கேட்டேன். இப்ப புதுசா வந்திருக்கற இன்ஜினியர், முதல்லேருந்து அளக்கணுங்கறார். போதும் சாமி. நடக்காத காரியத்துக்கு எத்தனை நாள்தான் நடக்கறது?"

சாமி தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்குத் தேர். இருந்து பாத்துட்டுப் போங்கம்மா" என்றார்.

காராயி தேர் பார்த்ததில்லை. அவர் மலையில் சாமி சிலையைத் தோளில்தான் தூக்குவார்கள். மறுநாள் காலை தேரடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தவர் அசந்துபோனார். உச்சியில் கலசம், நடுவில் அம்மன், கீழே ஆள் உயரத்துக்குச் சக்கரம். புறப்பட்ட தேர் நாலு வீதியும் சுற்றி அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த இடத்துக்கு நிலை என்று பெயர் என்று பக்கத்திலிருந்த பெண் சொன்னாள். சொல்லிக்கொண்டே வடத்தில் ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். காராயியும் பிடித்துக்கொண்டார்.

நேர்வீதியில் தேர் நன்றாகவே போனது. காராயிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வீதி திரும்பும் வடக்கு முக்கை நெருங்கும்போது ஒருவர் ஓடும் சக்கரத்துக்குக் குறுக்கே பாய்ந்து அதனடியில் ஒரு பெரிய கட்டையைக் கொடுத்தார். தேர் முனகிக்கொண்டு நின்றது. வடம் காராயியின் உள்ளங்கையை உரித்துவிட்டது.

காராயி வடத்தை விட்டுவிட்டு ஓடினார்.

"எவன்யா அது? இத்தனை பேரு உசுரக் குடுத்து இழுக்கறோம். குறுக்க கட்டையப் போடறே?"

சக்கரத்தடியில் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். தலையில் துண்டு, முழங்கால்வரை மண். அம்பலவாண சாமி.

"நீங்களா சாமி?"

"நான்தான். வடக்கு முக்கு எங்க மடத்துப் பொறுப்பு."

"என்ன கட்டை இது?"

"முட்டுக்கட்டை."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். காராயிக்கு முகம் சிவந்தது.

"கேலி பண்றீங்களா?"

"இல்லம்மா. அதுக்குப் பேரே அதுதான். தேருக்கு நேரா போகத்தான் தெரியும். சும்மா விட்டா எதிர்ல இருக்கற பாத்திரக்கடைக்குள்ள போய் நிக்கும். ஒரு பக்கம் கட்டையக் குடுத்தாத்தான் மறுபக்கம் திரும்பும்."

கட்டையின் சரிவில் மசகைத் தடவினார். இழுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். வடம் இறுகியது. சக்கரம் கட்டைமேல் ஏறி, சறுக்கி, தொப்பென்று இறங்கியது. தேர் ஒரு சாண் திரும்பியிருந்தது.

"ஒரு சாணுக்கா இத்தனை பாடு?"

"ஒரு சாண் திரும்பிடுச்சே."

அடுத்த கட்டையை எடுத்துக்கொண்டே சாமி கேட்டார்.

"மாரப்பன் தடுத்தானே, கோயில் பக்கம். அந்த இடம் இப்ப எப்படி இருக்கு?"

காராயி கொஞ்சம் யோசித்தார்.

"போன வருஷ வெள்ளத்துல கரையே இல்ல. பாலம் கட்டியிருந்தா அதும் போயிருக்கும்."

"ம்."

"அதுக்காக மாரப்பன் நல்லவனாயிருவானா சாமி?"

"அவன் நல்லவன்னு நான் எங்க சொன்னேன்? இந்தக் கட்டையும் நல்லதில்ல."

இடது காலை நீட்டிக் காட்டினார். சுண்டுவிரல் இல்லை.

"அப்ப காட்டிலாகா போட்டது? இன்ஜினியர் போட்டது? அதெல்லாமும் திருப்பறதுக்குத்தானா?"

"அது எனக்குத் தெரியாது. நிறுத்தறதுக்குன்னே போடற கட்டையும் உண்டு."

"அப்படிப் போட்டா?"

"எடுத்துட்டு இழுப்போம்."

மதியத்துக்குமேல் தூறல் போட்டது. முக்கில் பாதி திரும்பியிருந்தபோது பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. சாயங்காலம்வரை முட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. மேளக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பஸ் பிடிக்கக் கிளம்பியது. வடம் பிடித்தவர்கள் மட்டும் இருந்தார்கள்.

காராயியின் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தன. மேலே அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தாங்கவில்லை.

"இன்னைக்கு அவ்வளவுதானா சாமி?"

"அவ்வளவுதான். நாளைக்கு இழுக்கணும். முடியலேன்னா நாளன்னைக்கு."

"அதுவரைக்கும் அம்மனக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிருவீங்கல்ல?"

"மாட்டோம். தேர் நிலைக்கு வராம அம்மன் இறங்க மாட்டா."

"அதுக்காக நடுத்தெருவுல தனியாவா விட்டுட்டுப் போவீங்க?"

"யாரு போறாங்க? அவ இறங்கறவரைக்கும் நாங்க இங்கதான்."

காராயி சேலைத் தலைப்பைக் கிழித்து ஒரு கையில் சுற்றிக்கொண்டார். இன்னொரு கையில் சுற்ற வரவில்லை. சாமி சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார்.

"திங்கக்கிழமைக்குள்ள நிலைக்கு வந்துருமா சாமி? அன்னைக்கு எனக்குக் கலெக்டர் ஆபீசு இருக்கு."

"வரலேன்னா நீங்க போயிட்டு வாங்கம்மா. வடம் இங்கயேதான் கிடக்கும்."