உப்படிச்சான்குளம் பெரிய பேண்டு பள்ளிக்கூடம் போன கதை

ஊதத் தெரியாதவர்கள் பேண்டு வைத்த ஊர்கள் நிறைய உண்டு. ஊதுவதைத் தவிர வேறு எதுவுமே தெரியாதவர்கள் பேண்டு வைத்த ஊர் உப்படிச்சான்குளம் ஒன்றுதான்.

அந்தப் பேண்டின் தலைவர் மாஸ்டர் ஞானாதிக்கம். டிரம்பெட் வாசிப்பவர். பெயரில் இருக்கிற ஞானத்தில் கொஞ்சம் ஆளிடமும் இருந்திருக்கலாம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் மனசு வராது, அத்தனை நல்ல மனுஷர். கல்யாணம், சாவு, கோயில் கொடை என்று ஊதிக்கொண்டிருந்தவரை ஜாஸ் பக்கம் திருப்பியது கப்பலில் வேலை பார்த்த அவருடைய சித்தப்பா. ஒரு பழைய இசைத்தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "இதுதாம்ல ஜாஸ். இதை வாசிக்கணும்னா பெரிய பேண்டு வேணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி கப்பலேறிப் போய்விட்டார்.

பெரிய பேண்டு வேணும் என்றதும் ஞானாதிக்கம் நேரே டெய்லரிடம் போனார்.

அன்றையிலிருந்து பேண்டு ஆட்கள் எல்லாரும் ஒரு கையால் வாத்தியத்தையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டுதான் வாசித்தார்கள். டிரம்பெட்டை ஒரு கையில் சமாளித்துவிடலாம். டிரம்போன் வாசிக்கிற கோயில்பிச்சை பாடுதான் திண்டாட்டம். வாத்தியத்தைத் தாங்க ஒரு கை, குழாயை நீட்டி இழுக்க ஒரு கை, அதோடு கை தீர்ந்துவிடும். அதனால் அவர் வாசிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவர் பெருந்தன்மையாக அவர் பேண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்.

இசைத்தட்டில் ஒரு கீறல் வேறு இருந்தது. முள் அங்கே வந்ததும் 'பாப்ப பாப்ப பாப்ப' என்று அதையே சொல்லிக்கொண்டு நிற்கும். யாராவது ஒரு தட்டு தட்டினால்தான் நகரும். இவர்களும் அந்த இடத்தில் சிரத்தையாக நின்று 'பாப்ப பாப்ப' என்று ஊதிக்கொண்டே இருப்பார்கள், டிரம்ஸ்காரர் தொம்மை எழுந்து வந்து மாஸ்டர் தலையில் ஒரு தட்டு தட்டுகிற வரைக்கும்.

சாக்ஸபோன் நயினார் இன்னொரு தினுசு. ஜாஸில் மனசுக்குத் தோன்றுகிறதை வாசிக்க வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவரும் சாக்ஸபோனை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மனசுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வருஷக்கணக்காக, ஊர் ஊராக, கச்சேரி கச்சேரியாகக் காத்திருந்தார். "அவசரப்படாதேயும் வே, வாறப்போ வரும்" என்று மாஸ்டர்தான் அவருக்குத் தைரியம் சொல்வார்.

இப்படிப்பட்டவர்கள் கல்விப் பணியில் இறங்கியதற்கு ஒரு பெரிய மனுஷர் காரணம். கோயில் கொடையில் இவர்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி பிள்ளைகளுக்கு இதைக் கத்துக் கொடுங்களேன்" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டார்.

முதல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் வரிசையாக நின்று, தொண்டை கிழியக் கத்திக் கொடுத்தார்கள். ஒன்றாம் வகுப்பு முழுக்க அழுதது. வாட்ச்மேன் நாயை அவிழ்த்துவிட்டார். அடுத்த பள்ளிக்கூடத்தில் போதவில்லையோ என்று இன்னும் பலமாகக் கத்தினார்கள். கத்துக் கொடுப்பது என்றால் கற்பிப்பது என்ற விவரம் வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் ஒரு தமிழாசிரியர் இவர்களைத் துரத்திக்கொண்டே இலக்கணம் சொன்னதால்.

ஆக, ஒரு தடவை போன பள்ளிக்கூடம் எதுவும் இவர்களை மறுதடவை கூப்பிட்டதில்லை. இந்தச் சங்கதி ஜெபமணி காதுக்குப் போனது.

ஜெபமணி, ஞானாதிக்கத்தின் மனைவிக்கு அண்ணன். உரக்கடை வைத்திருந்தார். விலையிலும் பேச்சிலும் ஒரே சொல் என்று பெயர் வாங்கிய மனுஷர். ஒருநாள் தங்கச்சி வீட்டுக்கு வந்து காப்பியைக் கூடக் குடிக்காமல் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, பொறுத்தது போதும். நாளைக்குப் பனையன்விளைப் பள்ளிக்கூடத்துக்குப் போறீயளாமே. நானும் வாறேன். அங்கன உள்ள தலைமை டீச்சர் தன் வாயால உங்களை 'திரும்ப வாங்க'ன்னு சொல்லிட்டா, ஆயுசுக்கும் ஊதிக்கிட்டுத் திரியுங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன். சொல்லலைன்னா, குழலைப் பரண்ல போட்டுட்டு நம்ம கடைக்கு வந்து சாக்கு தைக்கணும்."

ஞானாதிக்கம் கொடியில் கிடந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் ஜனம் ஒதுங்கி வழிவிடும். அப்பேர்ப்பட்டவர் யூரியா மூட்டைக்கு நடுவே குனிந்து உட்கார்ந்து கோணி ஊசியைக் குத்தி இழுப்பதா? டிரம்பெட்டைத் தொடாமல் ஒரு நாளைக் கழிப்பது எப்படி என்றே அவருக்குத் தெரியாது. மச்சான் போனதும் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் பனையன்விளைப் பள்ளிக்கூட வாசலில் ஜெபமணி மொபெட்டை நிறுத்திவிட்டு, சட்டைப் பையில் கோணி ஊசியோடு தயாராக நின்றார். தலைமை ஆசிரியை அமிர்தபாய் வெளியே வந்தார்.

"ரொம்ப சந்தோஷம் மாஸ்டர். பிள்ளைகளுக்கு ஜாஸ்னா என்னன்னு வாசிச்சுக் காட்டுங்க. ஆனா மேல பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை நடக்கு. அதனால கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

பேண்டு வேப்பமரத்தடியில் கூடியது.

"அடக்கி வாசிங்கன்னா என்ன வே அர்த்தம்?" என்றார் கோயில்பிச்சை.

"எத்தனை சாவுக்கு ஊதியிருக்கோம், அடக்கம்னா தெரியாதாக்கும்?" என்றார் தொம்மை. "மண்ணைத் தோண்டி உள்ள வைக்கிறது."

"அப்போ வாத்தியத்தை அடக்கம் பண்ணச் சொல்லுதாங்களா?"

"பண்ணிட்டு வாசிக்கணும். அடக்கி, அப்புறமா வாசி. வரிசை மாறப்பிடாது."

"புதைச்சதை எப்படி ஊத?"

எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் டிரம்பெட்டை மண்ணில் ஊன்றி அளவு பார்த்தார். "வாய் வைக்கிற இடம் மட்டும் வெளியே தெரியட்டும். மிச்சம் மண்ணுக்குள்ள போகட்டும். டீச்சர் படிச்சவங்க வே, காரணமில்லாமச் சொல்ல மாட்டாங்க."

"உயிரோட இருக்கிறதை அடக்கம் பண்றது பாவமில்லையா?" என்று நயினார் கலங்கினார்.

"உம்ம சாக்ஸபோனுக்கு அந்தப் பாவம் வராது" என்றார் தொம்மை. "அதுக்கு உயிர் இருந்ததா நாங்க யாரும் பார்க்கல."

விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் நீளம் தாண்டுகிற மணல் குழி இருந்தது. அதைத் தோண்டி வாத்தியங்களைக் கழுத்துவரை புதைத்தார்கள். பேண்டு முழுவதும் குப்புறப் படுத்து மணலோடு வாய் வைத்து ஊதியது. ஊதிய காற்றுக்கு மணல் பொங்கிப் பொங்கி எழுந்தது. கோயில்பிச்சையின் டிரம்போன் எங்கே முடிகிறது என்று குனிந்து பார்த்த டிரில் மாஸ்டர் அதைத் தெரிந்துகொண்டார், அப்புறம் குழாயடிக்குப் போய் மணல் போக வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளைகளா, இதைத்தான் மண்ணின் இசைன்னு சொல்லுவாங்க" என்று மாஸ்டர் மீசையெல்லாம் மணலாகப் பாடம் நடத்தினார். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மாதிரி ஒரு பாடம் அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

ஆரவாரம் கேட்டு அமிர்தபாய் ஓடி வந்தார். குழி நிறைய, காற்றில் படபடத்துக்கொண்டிருந்த பேண்டுகளைப் பார்த்தார்.

"எல்லாரும் எழுந்திரிங்க. இப்படிக் கூட்டமா ஒண்ணும் வேண்டாம். ஒவ்வொருத்தரா, தனியா வாசிச்சுக் காட்டுங்க, போதும்."

"தனியான்னா?" என்று உடனே அடுத்த ஆலோசனை தொடங்கியது.

"பக்கத்துல ஒரு ஆள் இருக்கப்பிடாது" என்றார் தொம்மை.

"அப்போ யாருக்கு வாசிச்சுக் காட்டுறது?"

"அது டீச்சர் கவலை. நாம தனியா இருக்கணும், அவ்வளவுதான்."

ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். தொம்மை டிரம்மோடு கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். மாஸ்டர் அறிவியல் கூடத்துக்குள் நுழைந்தார். அங்கே ஒரு எலும்புக்கூடு தொங்கியது. அது ஆள் கணக்கில் சேருமா சேராதா என்று தீர்மானிக்க முடியாமல் டிரம்பெட்டை வாயில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றார். கோயில்பிச்சை தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக்கொண்டார். அங்கே பேண்டைப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை என்பது முதல் இழுப்பு இழுத்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காட்சியை இங்கே விவரிக்கப் போவதில்லை.

நயினார் தனிமையைத் தேடி மாடி ஏறினார். ஒரு அறையில் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. சத்தம் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்? உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டார். அது பத்தாம் வகுப்பின் கணக்குப் பரீட்சை. வருஷக்கணக்காக அவர் காத்திருந்த அந்த ஒன்று, அந்த நிமிஷம், அங்கே வந்து அவர் மனசுக்குத் தோன்றியது.

அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஊதினார். ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. கேள்வித்தாள்கள் பறந்தன. விடை தெரியாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி ஆடினார்கள், விடை தெரிந்த ரெண்டொரு பேரும் மரியாதைக்குச் சேர்ந்துகொண்டார்கள். மேற்பார்வைக்கு வந்த வெளியூர் ஆசிரியர் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டார்.

கடைசியில் எல்லாரையும் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கோயில்பிச்சைக்கு யாரோ பள்ளிக்கூடத்து மேஜை விரிப்பைக் கொடுத்திருந்தார்கள். ஜெபமணி பையிலிருந்து கோணி ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஞானாதிக்கம் டிரம்பெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். எல்லாம் முடிந்துபோயிற்று என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

ஆனால் அமிர்தபாய் மரியாதைக்காரக் குடும்பத்தில் வளர்ந்தவர். வாசல் ஏறி வந்தவரை வெறுமனே 'போங்க' என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கூப்பினார்.

"ரொம்ப நன்றி. போயிட்டு வாங்க."

ஞானாதிக்கம் தலையை நிமிர்த்தினார்.

"மச்சான்! கேட்டீங்களா?"

"அது மரியாதைக்குச் சொல்லுத வார்த்தை, மாப்பிள்ளை."

"அதுல 'வாங்க' இருக்கா இல்லையா?"

ஜெபமணி 'போயிட்டு வாங்க'வைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இருக்கத்தான் இருந்தது.

"ஆனா இப்பவே வந்ததாக் கணக்காகாது" என்றார் தொம்மை. "முதல்ல போகணும். போகாம வந்தா அது வந்ததே இல்லை, இருந்தது."

"எவ்வளவு தூரம் போனா போனதாகும்?" என்றார் கோயில்பிச்சை விரிப்பைப் பிடித்துக்கொண்டு.

"கேட்டைத் தாண்டினா போதாதா?" என்றார் நயினார்.

"அது வெளியே நிக்கிறது. போறதுன்னா ஒரு மரியாதையான தூரம் வேணும். பஸ் ஸ்டாப் வரைக்கும் போவோம்."

போனார்கள். பஸ் ஸ்டாப் கம்பத்தை ஆளுக்கொரு தடவை தொட்டார்கள். ஊதிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

அமிர்தபாய் அப்போதுதான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து உட்கார்ந்திருந்தார். "என்ன மாஸ்டர், எதையும் மறந்து வச்சிட்டீங்களா?"

"இல்ல டீச்சர். சொன்னபடி போயிட்டு வந்துட்டோம்."

"ஓ... சரி. சந்தோஷம். போயிட்டு வாங்க."

போய்விட்டு வந்தார்கள். மூன்றாவது தடவை பிள்ளைகள் வரிசை கட்டிப் பின்னால் நடந்தார்கள். அதற்கும் அடுத்த தடவை பொறுக்க மாட்டாமல் ஜெபமணியே உள்ளே போனார்.

"டீச்சர், இவங்களை 'வராதீங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கதை முடிஞ்சிரும்."

அமிர்தபாய் பதறிவிட்டார். "ஐயோ, வந்தவங்களைப் பார்த்து வராதீங்கன்னு எப்படி அண்ணாச்சி சொல்ல? எங்க வீட்டுல அப்படி வழக்கமே இல்ல. நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாம, நல்லபடியாப் போயிட்டு வாங்க."

இப்போது ஜெபமணியைப் பார்த்தும் சொல்லியாகிவிட்டது. ஒரே சொல் மனுஷர் அல்லவா, அடுத்தவர் சொல்லையும் அவரால் தட்ட முடியவில்லை. ஊசியைப் பையில் செருகிக்கொண்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரிசையில் மாஸ்டருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். அந்த நடையில் அவர் முகத்தில் கொஞ்சம் கடுகடுப்பு இருந்தது. அதற்கடுத்த நடையில் தொம்மை அவர் கையில் ஜால்ராவைக் கொடுத்ததும் அதுவும் போய்விட்டது.

அப்படி அவர்கள் பஸ் ஸ்டாப் கம்பத்தைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு நேரத்தில் டவுன் பஸ் வந்து நின்றது.

"ஏறுங்க, ஏறுங்க. எங்க போகணும்?" என்றார் கண்டக்டர்.

ஞானாதிக்கம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறந்ததிலிருந்து இவ்வளவு பெருமையாக அவர் நின்றதில்லை.

"இல்லைங்க, எங்களை வரச் சொல்லியிருக்காங்க. பள்ளிக்கூடத்துல விட மாட்டேங்காங்க" என்று சொல்லி, மரியாதைக்குக் கையை உயர்த்தினார். "நீங்க போயிட்டு வாங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் பாலம் வரைக்கும் போய், திரும்பி வந்து நின்றது.